மூன்று சிற்பம் போதும்

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வரும் டீச்சர்கள் வேனிலிருந்து இறங்கியதும் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், ஒண்ணு விடாம எல்லாத்தையும் காட்டிடுங்க.” அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேன் வாடகைக்குப் பணம் திரட்டி, தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் அனுமதி பெற்று, வீடு வீடாக ஒப்புதல் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் மறுபடி எப்போது இங்கே வரப்போகிறார்களோ தெரியாது. வந்ததே வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் பாந்தியன் சாலையில் உள்ள அந்த அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அன்றிலிருந்து சேர்ந்துகொண்டே வந்த கல், செம்பு, நாணயம், ஓவியம், ஆதிமனிதன் ஆயுதம், பாடம் செய்த பறவை விலங்கு எல்லாம் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன. பெரியவர்களாலேயே ஒரு நாளில் பார்த்து முடிக்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளையை அதற்குள் இழுத்துக்கொண்டு ஓடினால் மிஞ்சுவது கால்வலியும், குழந்தைகள் அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கும் டைனோசரும்தான். அதனால் டீச்சரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: “இன்னிக்கு மூணு சிற்பம் பாக்கப் போறோம்.” அவர் முகம் சுருங்கும். “மூணுதானா?” என்பார்.

மூன்றுக்கு முன்னால் திமிங்கலம் ஒன்று உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய சென்னைவாசிகளுக்கு இந்த இடம் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. பால்ஃபர் என்ற மருத்துவர் இதன் பொறுப்பில் இருந்த காலத்தில், 1855இல், அந்த உயிர் காலேஜும் இதே வளாகத்தில்தான் தொடங்கியது. பாட்டிமார் சொல்லிக் கேட்டுத் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்கும் ஆசையோடுதான் பிள்ளைகள் வருகிறார்கள். கலை பார்க்க வந்த இடத்தில் எலும்புக்கூடு எதற்கு என்று முறுக்கிக்கொள்ளும் சக ஊழியர்களும் எனக்கு உண்டு. என் கட்சி வேறு. திமிங்கலத்தை முதலில் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் புத்தர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் பிள்ளையின் மனசு விலங்கியல் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம், ஆசைதீர வாய்பிளந்து பார்க்கட்டும். அதன் பிறகு வேலை தொடங்கும்.

அடுத்தது நோட்டு. கூடத்துக்குள் நுழைந்த உடனே பல பள்ளிப் பிள்ளைகள் நோட்டைத் திறந்து, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இருக்கும் விவரப் பலகையை எழுத்துக்கூட்டி நகலெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஊர், நூற்றாண்டு, உலோகம். எழுதி முடித்ததும் அடுத்த பலகைக்கு ஓட்டம். பலகைக்கு மேலே என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. திரும்பிப் போய்க் கட்டுரை எழுதவேண்டும் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒரு தனியார் பள்ளியிலிருந்து வந்தவர்கள் கோடிட்ட இடங்களை நிரப்பும் தாள் ஒன்றையே அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மதிப்பெண்ணும் உண்டாம். எந்தச் சிற்பத்தையும் நிமிர்ந்து பார்க்காமலேயே அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். நோட்டுகளை வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டிவைத்துவிட்டுத்தான் உள்ளே நடப்பேன். பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் அந்தப் பையிலேயே போய்விடும். பென்சில் மட்டும் பிறகு வெளியே வரும்.

நான் எப்போதும் தொடங்குவது அமராவதிக் கூடத்தில். ஆந்திராவில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் நின்ற பெரிய பௌத்த ஸ்தூபியின் கற்கள் அங்கே இருக்கின்றன. வெளிறிய சுண்ணாம்புக்கல். அவற்றுள் வட்டவடிவப் புடைப்புச் சிற்பம் ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது. புத்தரைக் கொல்வதற்காக ராஜகிருகத்துத் தெருவில் அவிழ்த்துவிடப்பட்ட நளகிரி என்ற மதயானையின் கதை அது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. தரையில் உட்காரச் சொல்வேன். “ஒரு நிமிஷம் வாய்க்கு லீவு. கண்ணு மட்டும் வேலை செய்யட்டும்.” பிறகு ஒரே கேள்வி: “இங்க என்ன நடக்குது?”

“யானை!” என்பது எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து போடும் கூச்சல். எத்தனை யானை? “ரெண்டு!” கொஞ்சம் பொறுத்தால் மற்றவை வரும். ஒரு யானை ஆளைப் பிடித்து இழுக்கிறது. ஜனங்கள் ஓடுகிறார்கள். மேலே ஜன்னலிலிருந்து எட்டிப்பார்க்கிறார்கள். “ஒரு அக்கா பயந்து பக்கத்துல நிக்கிறவரப் பிடிச்சிக்கிச்சு.” இந்தப் பக்கத்து யானை மண்டிபோட்டிருக்கிறது. “சாமி கும்பிடுது.” கோவில் யானை முன்காலை மடித்து வணக்கம் வைப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளை, எழுந்து வந்து தானே மண்டிபோட்டுக் காட்டும். எப்போதாவது, எல்லா வகுப்பிலும் அல்ல, ஒரு குழந்தை சொல்லும்: “ரெண்டு யானை இல்ல சார். ஒரே யானைதான். மொதல்ல கோவமா வந்துச்சு, அப்புறம் அடங்கிடுச்சு.”

அதோடு சண்டை தொடங்கிவிடும். ஒரே படத்தில் ஒரே யானை எப்படி இரண்டு தடவை வரும்? படக்கதைப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக வரும், இங்கே கட்டமே இல்லையே? இல்லை, நடுவில் இருக்கும் ஆட்கள்தான் கட்டம் என்று ஒருவன் வாதாடினான். இடது பக்கத்தில் எல்லாரும் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கிறார்கள், வலது பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று இன்னொருத்தி விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள். சிற்பவியல் நூல்கள் இதைத் தொடர்கதைச் சித்தரிப்பு என்பதுபோல ஏதோ பெயரிட்டு விளக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பெயர் தெரியாமலேயே அந்த உத்தியைக் கண்டுபிடித்துவிட்டது. நான் செய்ததெல்லாம், ஒவ்வொரு பதிலுக்கும் “எதப் பாத்து அப்படிச் சொல்ற?” என்று கேட்டதுதான்.

இந்தக் கேள்வி நான் கண்டுபிடித்ததல்ல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பிலிப் யெனவைனும், அபிகெயில் ஹௌசன் என்ற உளவியலாளரும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. மூன்றே கேள்விகள்: என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது. பிள்ளை சொன்னதை நடத்துநர் வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார். சரி, தப்பு சொல்லமாட்டார். தகவலும் சேர்க்கமாட்டார். இந்தக் கடைசி விதியில்தான் எனக்குச் சண்டை. பிள்ளைகள் முக்கால் மணி நேரம் யானையோடு மல்லுக்கட்டிய பிறகு, “அப்புறம் என்ன ஆச்சு சார்? யாரு அந்த ஆளு?” என்று கேட்கிறார்கள். அப்போது கதை சொல்லாமல் இருப்பது கல்வி அல்ல, கஞ்சத்தனம். யானையை ஏவிவிட்ட தேவதத்தனின் பொறாமையையும் நளகிரி மதம் அடங்கியதையும் அப்போது சொல்வேன். முதலில் சொல்லியிருந்தால் கதையைக் கேட்டுக்கொண்டு கல்லை விட்டிருப்பார்கள். கடைசியில் சொன்னால் கதையைக் கேட்டபடி மறுபடி கல்லைப் பார்க்கிறார்கள்.

அமராவதியில் வரும் இன்னொரு கேள்வி: “உடைஞ்சிருக்கே, மீதி எங்க?” இதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுவேன். ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்த கற்களில் பெரும்பகுதி 1859இல் கப்பலேறி லண்டன் போனது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. “யாரக் கேட்டு எடுத்துட்டுப் போனாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டபோது டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் மறுநாள் அதையே கரும்பலகையில் எழுதி வகுப்பு முழுவதையும் பேசவிட்டாராம். அந்த டீச்சரின் பள்ளிக்குத்தான் அதன் பிறகு அடிக்கடி போய்வந்தேன்.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை சிற்பத்தின் முன்னால் கடகடவென்று பேசியது என்று எங்கள் தொழிலில் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடமும் இருக்கிறது. ஆனால் மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். நான் ஒரு காலைப் பொழுதுக்கு வந்துபோகிறவன். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளையோடு இருப்பவர் வகுப்பு டீச்சர். “எதப் பாத்துச் சொல்ற?” என்ற கேள்வி தமிழ்ப் பாடத்திலும் கணக்குப் பாடத்திலும் அவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தக் காலைப் பொழுதுக்கு அர்த்தம். இது பிடிபட்ட பிறகு என் வேலையில் பாதிக்கு மேல் டீச்சர்களோடுதான்.

அவர்களுடைய நிலைமை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் என்று தனியாக ஒருவர் கிடையாது. 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாக ஓவியத்துக்கும் தையலுக்கும் உடற்கல்விக்கும் ஆட்களை எடுத்தபோதும் அது ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பாடமும் ஒருவர் தலையில். பல பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஓவியப் பீரியட் என்பது பதிவேடு எழுதக் கிடைத்த நேரம். அவர்களிடம் போய்க் கலை ரசனை என்று பாடம் எடுத்தால், பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள், போய்விடுவார்கள்.

நான் முதலில் செய்வது, டீச்சர்களைப் பிள்ளைகள் இல்லாமல் கூடத்துக்கு வரவழைப்பது. பிள்ளைகள் கூட இருந்தால் அவர்கள் கண் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கும், சிற்பத்தின் மேல் விழாது. ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டம் சனிக்கிழமை நடக்கும். அதில் ஒன்றை இங்கே மாற்றிக்கொள்ள அதிகாரி மனசு வைத்தால் காரியம் ஆயிற்று. வந்ததும், “எனக்கு ஆர்ட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்” என்று கூட்டத்தோடு சொல்வார்கள். தெரியாததுதான் அவர்களுக்குப் பயம். பிள்ளை ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. அந்தக் கவலைதான் அவர்களைப் பலகையைப் படிக்கவைக்கிறது, பிள்ளைகளையும் எழுதவைக்கிறது.

வீட்டில் பழைய வெண்கலப் பாத்திரம் இருந்தால் எடுத்துவரச் சொல்வேன். யாராவது ஒருவர் பாட்டியின் வெண்கலப் பானையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதைத் தட்டிப் பார்ப்போம், எடையைக் கையில் வாங்கிப் பார்ப்போம், வியர்வைக் கை பட்ட இடம் எப்படிக் கருக்கிறது என்று பார்ப்போம். காட்சிக்கூடத்தில் தொடாதே என்று பிள்ளையை ஏன் சொல்கிறோம் என்பதற்கு அந்தப் பானையைவிட நல்ல பாடம் கிடையாது. பிறகு தேன்மெழுகு. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண்ணை உடைக்கிறார்கள். அச்சு உடைந்துபோவதால் ஒவ்வொரு சிலையும் ஒரே ஒரு பிரதி. ஒரு கட்டி மெழுகைக் கையில் கொடுத்து, விரல் சூட்டில் அது இளகுவதை உணரவைத்துவிட்டால் இதை நான் விளக்கவே வேண்டாம்.

அளவு பார்ப்பதும் அப்படித்தான். ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம், உருவத்தின் உயரம் இத்தனை தாளம் என்று கணக்கு. செய்தித்தாளை நீளமாகக் கிழித்து, தன் முக அளவுக்கு மடித்து, தன் உயரம் எத்தனை முகம் என்று டீச்சர்கள் ஒருவரை ஒருவர் அளந்துகொள்வார்கள். சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஊருக்குப் போய் இதையே இரண்டாம் வகுப்பில் செய்தால் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை குறைந்து வரும், டீச்சருக்குக் கூடி வரும். ஏன் என்ற கேள்வி தானாக எழும். அது கணக்குப் பீரியடில் செய்யத் தக்கது என்பதால் தலைமையாசிரியரும் ஆட்சேபிக்கமாட்டார். தந்திரம் என்றால் தந்திரம்தான்.

செப்புத்திருமேனிக் கூடம் வேறு சிக்கல். அங்கே பிள்ளைகள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவார்கள். கும்பிடுவார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். “இது கோயில் இல்ல” என்று அதட்டும் டீச்சரும் உண்டு, சேர்ந்து கும்பிடும் டீச்சரும் உண்டு. கும்பிடுகிற பிள்ளையை நான் தடுப்பதில்லை. கும்பிடாத பிள்ளையை யாரும் கேட்கவும் விடுவதில்லை. ஒரே வகுப்பில் ஃபாத்திமாவும் ஸ்டெல்லாவும் இருப்பார்கள். அதனால்தான் முதலில் யானை. எல்லாரும் சேர்ந்து யானையைப் பார்த்துப் பழகிய பிறகு, இங்கும் அதே கேள்விகளைக் கேட்டால் எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது.

திருவாலங்காட்டு நடராசர் முன்னால், “சார், வளையம் எங்க?” என்பதுதான் முதல் குரலாக இருக்கும். காலண்டரில் பார்த்த நெருப்பு வளையம், அதாவது திருவாசி, இந்தச் சிலையில் இப்போது இல்லை. இல்லாததை முதலில் கவனிக்கும் கண் பிள்ளைகளுக்குத்தான். அடுத்து எல்லாரும் குனிந்து காலடியில் கிடக்கும் முயலகனைப் பார்ப்பார்கள். அவர்கள் உயரத்துக்கு அதுதான் நேராகத் தெரியும். “பாவம் சார்” என்பார்கள். மிதிபடும் முயலகன் முகத்தில் வலி இருக்கிறதா இல்லையா என்று ஒரு வகுப்பு கட்சி பிரிந்து வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். ஆனந்த தாண்டவத்துக்குத் தத்துவ விளக்கம் சொல்லும் பெரியவர்கள் யாரும் இந்த விஷயத்துக்கு அவ்வளவு நேரம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கோவிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும், முகம் மட்டும் தெரியும். இங்கேதான் உடம்பு முழுசாகத் தெரியும், பின்பக்கமும் தெரியும். சுற்றிவர இடம் இருக்கும் சிலைகளை எல்லாரும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும் என்பது என் சட்டம். பின்னால் பூணூல் எப்படிப் போகிறது, தலைமுடியை எப்படி முடிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பீடத்தில் ஓட்டையும் வளையமும் எதற்கு என்று கேட்பேன். நகரத்துப் பிள்ளைகள் விழிப்பார்கள். திருவள்ளூர்ப் பக்கமிருந்து வந்த பையன் ஒருவன், “கொம்பு சொருகித் தூக்கிட்டுப் போறதுக்கு. எங்க மாமா தூக்குவாரு” என்றான். அன்றைக்கு மீதி நேரம் அவன்தான் சொன்னான், நாங்கள் கேட்டோம்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரைக் காட்டும்போது சில டீச்சர்களுக்குக் கூச்சம். ஒரு பாதி பெண்ணுடல், பிள்ளைகள் சிரிக்கும், அடுத்த சிலைக்குப் போய்விடலாமே என்பார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடிந்ததும், “கை எத்தனை, எண்ணு” என்பேன். மூன்று. ஏன் மூன்று? ஆண் பக்கம் இரண்டு, பெண் பக்கம் ஒன்று. எழுந்து நின்று இடது பாதி அம்மா மாதிரி, வலது பாதி அப்பா மாதிரி நிற்கச் சொல்வேன். இடுப்பு எந்தப் பக்கம் சாயவேண்டும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். உடம்பால் செய்து பார்த்துவிட்ட பிள்ளைக்கு அதன்பிறகு சிரிக்க நேரம் இருப்பதில்லை. உறுத்தலாக இருந்தது பெரியவர்களுக்குத்தான்.

இப்படி நின்று பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்து தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனரை மிஞ்ச ஒன்றும் இல்லை. அவரும் திருவெண்காட்டுக்காரர். 1011ஆம் ஆண்டுக்கு உரியவர். காலை மாற்றிப்போட்டு, தலைமுடியைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை எதன்மேலோ ஊன்றிச் சாவகாசமாக நிற்கிறார். அந்த எதுவோ அங்கே இல்லை. காளை காணாமல் போய்விட்டது. பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லாமல், “இவரு எது மேல கை வெச்சிருக்காரு?” என்று மட்டும் கேட்பேன். சைக்கிள், பைக், மதில்சுவர், நண்பன் தோள், மேசை. எல்லாப் பதிலையும் நடித்துக் காட்டச் சொல்வேன். சுவர் என்றால் கை இன்னும் விறைப்பாக இருக்கும், தோள் என்றால் அவர் இத்தனை தூரம் தள்ளி நிற்கமாட்டார் என்று அவர்களே கழித்துக்கொண்டு வருவார்கள். உயரம் எவ்வளவு, மேலே வளைவாக இருக்குமா தட்டையாக இருக்குமா? கிராமத்துப் பிள்ளைகள் மாட்டுக்கு வந்துவிடுவார்கள், மாட்டின் மேல் கைபோட்டு நின்றவர்களாயிற்றே. பிறகு ஒரு தாளைக் கொடுத்துக் காணாமல்போன காளையை மட்டும் வரையச் சொன்னால் போதும்.

வரைவது பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போய் ‘படம் வரை’ என்றாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் வீடு, பக்கத்தில் தென்னை மரம். மலையே இல்லாத நாகப்பட்டினத்திலும் அதே மலை. பெரியவர்கள் வரைந்து காட்டி, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்த படம் அது. அதைக் கேலி செய்தால் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடும். வேறு வழி, முழுப் படம் கேட்காமல் இருப்பது. யானையின் வாலை மட்டும் வரை. முயலகனின் கையை மட்டும் வரை. செய்தித்தாளைக் குழல்போலச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, அதற்குள் தெரிவதை மட்டும் வரை. யாரும் முன்னால் வரைந்து காட்டாத ஒன்றை வரையவேண்டி வந்தால் பார்த்துத்தான் ஆகவேண்டும். படங்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டாம் என்று டீச்சர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு அதிகம் வெற்றி கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு இல்லாமல் நம் பள்ளிகளில் எதுவும் முடிவதில்லை.

நடைமுறைக் காரியங்கள் சில. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. இதை மறந்து வேன் பேசிவிடுபவர்கள் உண்டு. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் பள்ளியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதால் வேலை எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் பத்தரை மணிக்கே பசி வந்துவிடும். கழிப்பறை முதலில், சிற்பம் பிறகு. குழுவுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் போனால் பின்வரிசைக்கு யானை தெரியாது. கூடத்துக் காவலரிடம் உள்ளே போகும்போதே என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவர்களில் பலர் தாங்களும் வந்து ஓரமாக நின்று கேட்பார்கள். தினமும் அந்தச் சிற்பங்களோடு இருப்பவர்கள், நான் கவனிக்காததைச் சொல்வார்கள்.

சென்னைக்கு வர வழியில்லாத பள்ளிகள்தான் அதிகம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கலைக்கூடம் இருக்கிறது. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் சித்தன்னவாசல் ஓவியங்களின் பிரதிகள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு? லண்டன் தேசியக் கலைக்கூடம் 1995 முதல் தொடக்கப் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு ஓவியம். ஆசிரியர்களுக்கு அதைப் பற்றிப் பயிற்சி, கையில் ஒரு அச்சுப் பிரதி. பள்ளி முழுவதும் அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு கணக்கோ கதையோ நாடகமோ எதையாவது செய்யும். செய்தவற்றில் சிலவற்றைக் கலைக்கூடமே காட்சிக்கு வைக்கும். மூன்று சிற்பம் போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் ஒன்றே போதும் என்கிறார்கள்.

அதைப் பார்த்துத்தான் ஃப்ளெக்ஸ் யோசனை வந்தது. எந்தச் சின்ன ஊரிலும் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை இருக்கிறது. நல்ல படம் ஒன்றை அனுப்பிவிட்டால் வகுப்புச் சுவர் அளவுக்கு அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். “படத்தப் பாத்தா போதுமா சார், நேர்ல பாக்குற மாதிரி வருமா?” என்று டீச்சர்கள் தயங்குவார்கள். வராதுதான். ஆனால் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நம்முடைய இதே திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி 1913இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ்பெற்றது. அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. கையில் இருந்தது புகைப்படங்கள்தான். உதடு, கால், இடுப்பு என்று ஒவ்வொன்றாக நின்று நிதானித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். இதைச் சொன்னால் டீச்சர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

ஃப்ளெக்ஸ் போடுபவர்களுக்குச் சில குறிப்புகள் கொடுப்பேன். கரும்பலகைக்கு மேலே மாட்டாதீர்கள், பிள்ளைகள் கண் மட்டத்துக்கு மாட்டுங்கள். ஒரு மாதம் கழித்துக் கழற்றிவிட்டு அடுத்த படம் மாட்டுங்கள். நிரந்தரமாகத் தொங்கினால் யாரும் பார்க்கமாட்டார்கள். படத்துக்குக் கீழே பெயர், நூற்றாண்டு, ஊர் எதுவும் வேண்டாம். இந்தக் கடைசிக் குறிப்பில்தான் கடைக்காரர்கள் தகராறு செய்வார்கள். வெறும் படத்தை அடித்துப் பழக்கமே இல்லை அவர்களுக்கு. நளகிரி வட்டத்தை அடிக்கக் கொடுத்தபோது, தலைமையாசிரியர் போட்டோவாவது மூலையில் வைக்கலாமே, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒருவர் கடைசிவரை விடவில்லை. “பேரும் வேணாம், போட்டோவும் வேணாம்னா, இது யாருக்கு வெக்கிற பேனர்?” என்றார். மூன்றாம் வகுப்புக்கு என்றேன். சந்தேகத்தோடே அடித்துக் கொடுத்தார். சதுர அடிக் கணக்குப் பார்த்துப் பணமும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.